கேன்டீன் இல்லாத மாநாடு

2020 டிசம்பரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மார்கழிக் கச்சேரி நடந்தது. லேப்டாப்பை டி.வி.யோடு இணைத்து, ஸ்பீக்கரை அலமாரிமேல் ஏற்றி, பெரியப்பாவை சோபாவின் நடுவில் உட்கார வைத்தோம். மயிலாப்பூரில் ஐம்பது வருஷமாக சீசன் தவறாமல் கேட்டவர். பாடகரின் கழுத்து நரம்பு தெரிகிற அளவுக்குக் கேமரா நெருங்கியது. தம்புரா துல்லியமாகக் கேட்டது. பின்வரிசை இருமல் இல்லை, செல்போன் மணி இல்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார். சபாவாக இருந்தால் கேன்டீனுக்குப் போகிற நேரம். இங்கே எங்கே போவது? சமையலறை வாசல் வரை நடந்து, அங்கே ஒருவரும் இல்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"பாட்டெல்லாம் பிரமாதமாத்தான் இருக்கு. ஆனா சீசன் மாதிரி இல்லையேடா" என்றார்.

அந்த வருஷம் நகரத்தின் சபாக்கள் ஒன்றுசேர்ந்து 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்ற பெயரில் இணைய விழா நடத்தின. மியூசிக் அகாடமியும் தன் கச்சேரிகளை இணையத்துக்குக் கொண்டுபோனது. பாட்டு வந்து சேர்ந்தது. கூட்டம் வந்து சேரவில்லை. பெரியப்பாவின் புகார் ஏதோ பழைய ஆளின் ஏக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு மெய்நிகர் உலகங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அந்தத் துறையின் விஞ்ஞானிகள் பல வருஷமாக முட்டிக்கொண்டிருக்கும் சுவர் அதுதான் என்று தெரிந்தது. மேடையைக் கணினிக்குள் வைப்பது சுலபம். கேன்டீனை வைப்பதுதான் கஷ்டம்.

கேன்டீனை நான் வேடிக்கைக்காக இழுக்கவில்லை. நாம் 'சீசன்' என்கிறோமே, அதற்கு அகாடமி வைத்திருக்கும் பெயர் 'ஆண்டு மாநாடு'. 1927 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபோது, அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்று நடந்தது. அதன் விளைவாக 1928-இல் பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. காலையில் வித்வான்களும் ஆய்வாளர்களும் ராக லட்சணம் பற்றி விவாதிப்பார்கள். மதியமும் மாலையும் கச்சேரி. தி.நகரில் ஸ்ரீ கிருஷ்ண கான சபா 1981-இல் தொடங்கிய நாட்டிய கலா மாநாடும் அதே வார்ப்புதான். இரண்டிலும் மேடையில் பேசியதை எழுதிவைத்தவர்கள் உண்டு. அடை அவியலைச் சுற்றி நின்றுகொண்டு அதே விஷயத்தை வேறு குரலில் பேசித் தீர்த்ததை எழுதிவைத்தவர்கள் இல்லை. ஆனால் மாநாடு என்பது பாதிக்குமேல் அந்த இரண்டாவது பேச்சுதான். சிபாரிசு, சமரசம், சண்டை, சம்பந்தம் எல்லாம் டபராவில் காபியை ஆற்றுகிற நேரத்தில்தான் நடக்கின்றன.

பெரியப்பா சமையலறை வாசல் வரை போய்த் திரும்பியதற்கு ஒன்பது மாதம் முன்பு, இதே சங்கடம் இன்னொரு கூட்டத்துக்கு நேர்ந்தது. மெய்நிகர் உண்மைத் துறையின் முக்கியமான உலக மாநாடான 'ஐ.இ.இ.இ. வி.ஆர்.', 2020 மார்ச் 22 முதல் 26 வரை அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடப்பதாக இருந்தது. கொரோனா வந்ததும் ஊர் வேண்டாம் என்று முடிவானது. நேரில் கூடாமலே கூடலாம் என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்தவர்களுக்கு, 'சரி, கூடிக் காட்டுங்கள்' என்று காலம் சவால் விட்டதுபோல் ஆயிற்று. உரைகளை நேரலையாக ஒளிபரப்பினார்கள். கலந்துகொள்வதற்கு 'மொசில்லா ஹப்ஸ்' என்ற இணைய உலகத்தில் முப்பரிமாண அறைகள் அமைத்தார்கள். பிரவுசரில் சுட்டியைத் திறந்தாலே போதுமாயிருந்தது; ஒரு பொம்மை உருவம் கிடைத்தது, அறைக்குள் நடக்க முடிந்தது, பேச முடிந்தது. ஆனால் ஓர் அறையில் சுமார் இருபத்தைந்து பேர்தான் சௌகரியமாக இருக்க முடிந்தது. அதற்கு மேல் போனால் படம் திணறியது, குரல் உடைந்தது.

இருபத்தைந்து! ஒரு பந்தியில் உட்காரும் கூட்டம் அவ்வளவுதானா? உலகத்தின் புத்திசாலிகள் சேர்ந்து கட்டிய மாளிகையில் ஒரு பூணூல் கல்யாணத்துக்குக் கூட இடம் இல்லையே என்று கேலி செய்யத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் கேலி அடங்கிவிடும்.

மெய்நிகர் உலகில் நீங்கள் தலையைத் திருப்பினால், அந்தச் செய்தி மற்ற ஒவ்வொருவரின் கணினிக்கும் போக வேண்டும். இருபத்தைந்து பேர் இருந்தால், ஒவ்வொருவரிடமிருந்தும் மற்ற 24 பேருக்கு: 600 செய்தி. 1,500 பேர் கூடும் ஒரு பெரிய அரங்கத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 22,48,500. ஆள் எண்ணிக்கை 60 மடங்குதான் கூடியது. செய்தி கிட்டத்தட்ட 3,750 மடங்கு. தலை ஒருமுறை திரும்பினால் போதுமா? அசைவு உயிருள்ளதாகத் தெரிய வினாடிக்கு இருபது முறையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வினாடிக்கு நாலரைக் கோடி செய்தி ஆகிவிடும். இத்தனைக்கும் இதில் குரல் சேரவில்லை. அதோடு, வந்து சேரும் ஒவ்வோர் உருவத்தையும் உங்கள் கைப்பேசியோ லேப்டாப்போ வினாடிக்குப் பல முறை வரைய வேண்டும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்டுபிடித்த வழியை நம் ஊர்க்காரர்கள் பங்குனியில் நேரில் பார்த்திருப்பார்கள். கபாலீசுவரர் கோவில் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்துமூவர். நான்கு மாடவீதியிலும் லட்சக்கணக்கில் ஜனம். ஆனால் அதற்குள் நிற்கும் ஒருவருக்குத் தெரிவது என்ன? முன்னால் நிற்பவரின் பின்மண்டை, பக்கத்துக் குழந்தையின் பலூன், கொஞ்ச தூரத்தில் நீர்மோர்ப் பந்தல், எல்லாவற்றுக்கும் மேலே அசைந்து வரும் பல்லக்குகள். பத்துப் பதினைந்து பேர்தான் ஆட்கள். மீதி எல்லாம் 'கூட்டம்'. வடக்கு மாடவீதியில் ஒருவர் தும்மியது தெற்கு மாடவீதிக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. சர்வரும் இதைத்தான் செய்கிறது. உங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருப்பவர்களின் அசைவை மட்டும் நுணுக்கமாக அனுப்புகிறது. தூரத்தில் இருப்பவர்களை அட்டை பொம்மையாக நிறுத்துகிறது, அல்லது அடியோடு மறைத்துவிடுகிறது.

இன்னொரு வழி சுலபமானது. கொஞ்சம் ஏமாற்று வேலையும்கூட. 2020 ஏப்ரலில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டுக்குள் டிராவிஸ் ஸ்காட் என்ற ராப் பாடகர் நடத்திய நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் 1 கோடியே 23 லட்சம் பேர் பார்த்ததாக அந்த நிறுவனம் அறிவித்தது. ஆனால் ஒவ்வொருவரும் இருந்தது ஐம்பது பேர் அளவிலான தனித்தனிப் பிரதி உலகத்தில். வகுத்துப் பார்த்தால் ஒரே கச்சேரிக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் அரங்கம்! ரங்கநாதன் தெருவை லட்சக்கணக்கில் நகலெடுத்து, தெருவுக்கு ஐம்பது பேர் என்று தீபாவளிக் கூட்டத்தைப் பிரித்துவிட்டதுபோல. நெரிசல் தீர்ந்தது உண்மைதான். ஆனால் ரங்கநாதன் தெருவில் நெரிசலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

இத்தனைக்கும் மனிதர்கள் ஒரே பேச்சில் நிஜமாகக் கலந்துகொள்ளும் எண்ணிக்கை மிகச் சிறியது. பிரிட்டனின் ராபின் டன்பாரும் அவரது சகாக்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், இயல்பான உரையாடல் குழு நான்கு பேரோடு நின்றுவிடுவதைக் காட்டினார்கள். ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சு இரண்டாகப் பிளந்துவிடும். கேன்டீன் மேஜையை யார் அளந்து செய்தாரோ! அப்படியானால் இருபத்தைந்தே தாராளம்தானே என்று கேட்கலாம். இல்லை. நாலு பேர் பேச்சு ருசிப்பதே, சுற்றிலும் நாற்பது பேர் வேறெதையோ பேசிக்கொண்டிருப்பதால்தான். அந்த நாற்பதில் ஒரு குரல் திடீரென்று 'பைரவி' என்று சொன்னால் நம் காது தானாகத் திரும்புகிறதே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

எண்ணிக்கை போதும், புலன்களுக்கு வருவோம். கண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மெய்நிகர் உலகத்தின் விளம்பரம் முழுக்கக் கண்ணுக்குத்தான். ஆராய்ச்சிப் பணமும் முதலில் அங்கேதான் போயிற்று. தலை திரும்பி சுமார் 20 மில்லிவினாடிக்குள், தலையில் மாட்டியிருக்கும் ஹெட்செட்டின் படமும் திரும்பிவிட்டால் மூளை சண்டை போடாது. தாமதித்தால் உள்காதின் சமநிலை உறுப்பு 'நகர்ந்தோம்' என்கிறது, கண் 'இல்லை' என்கிறது. ஏற்காட்டு மலைப்பாதை பஸ்ஸில் வரும் அதே குமட்டல் வந்துவிடும். பெருமளவுக்குத் தீர்ந்த பிரச்சினை இது.

காதுக்கு வருவோம். ஜூம் போன்ற செயலிகள் எல்லார் குரலையும் ஒரே குடத்தில் ஊற்றிக் கலக்கி உங்கள் காதில் விடுகின்றன. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டும் குழம்பு. அதனால்தான் அங்கே ஒருவர் பேச மற்றவர்கள் வாய்பொத்தி நிற்கும் பள்ளிக்கூட ஒழுங்கு வந்து சேர்ந்தது. சபா கேன்டீனில் நூறு வாய் ஒரே நேரத்தில் பேசுகிறது, பாத்திரம் உருள்கிறது, 'ரெண்டு ரவா' என்று ஒருவர் உள்ளே பார்த்துக் கத்துகிறார். அதற்கு நடுவில் எதிரே இருப்பவர் சொல்வது மட்டும் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது. பிரிட்டிஷ் விஞ்ஞானி காலின் செர்ரி 1953-இல் இதை ஆராய்ந்து, விருந்துக் கூட்டத்தின் பெயரை இந்தத் திறமைக்கு வைத்தார். மயிலாப்பூர்ப் பக்கம் வந்திருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்.

குரல்களை மூளை பிரித்தெடுக்க முக்கியமான பிடிமானம் திசை. நம் இரண்டு காதுக்கும் நடுவே ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தலை இருக்கிறது. ஒலி வினாடிக்கு 340 மீட்டர் போகும். நேர் இடப்பக்கத்திலிருந்து வரும் குரல் இடக் காதைத் தொட்டு அரை மில்லிவினாடிக்கும் சற்று அதிகமான நேரம் கழித்துத்தான் வலக் காதைத் தொடுகிறது. மூளை அந்த வித்தியாசத்தை அளக்கிறது. அதுவல்ல ஆச்சரியம். கூர்மையான காது ஒரு வினாடியை லட்சமாகக் கூறு போட்டால் வரும் ஒரு துணுக்கு அளவு வித்தியாசத்தைக்கூடக் கண்டுகொள்கிறது. மெல்லிய குரலின் உயர் அதிர்வெண்கள் தலையில் முட்டி மங்குவதால், எந்தக் காதில் சத்தம் குறைகிறது என்பது இன்னொரு குறிப்பு. மேலேயா கீழேயா, முன்னா பின்னா என்பதைச் சொல்லுவது காதுமடலின் மடிப்புகள். ஒவ்வொருவர் மடலும் வேறு வேறு என்பதால், ஒருவருக்குத் துல்லியமாகத் திசை காட்டும் ஒலிக்கணக்கு இன்னொருவரைத் தடுமாற வைக்கும்.

மெய்நிகர் உலகத்தை அமைப்பவர்கள் இந்த நேர வித்தியாசத்தையும் சத்த வித்தியாசத்தையும் ஒவ்வொரு குரலுக்கும் செயற்கையாகச் சேர்க்கிறார்கள். தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறைய வேண்டும் என்பது இயற்பியல். அதையும் கணக்கில் வைக்கிறார்கள். ஹப்ஸில் இது இருந்தது. ஒருவரை விட்டு விலகி நடந்தால் அவர் குரல் தேயும். இன்னொரு கும்பலை நெருங்கினால் அவர்கள் பேச்சு மெல்ல மேலேறும். படம் கார்ட்டூன் மாதிரி இருந்தாலும் இந்த ஒரு வித்தையால் 'ஓர் இடத்தில் இருக்கிறோம்' என்ற உணர்வு வந்துவிடுகிறது. பணத்தைக் கண்ணில் கொட்டாமல் காதில் கொஞ்சம் கொட்டுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் பணம் எவ்வளவு கொட்டினாலும் அசையாத ஒன்று உண்டு. அது நேரம்.

கபாலி கோவிலிலிருந்து கிழக்கே நடந்தால் சாந்தோம் கடற்கரை. அங்கே கடலுக்கடியிலிருந்து கண்ணாடி இழைக் கேபிள்கள் கரையேறுகின்றன. 2002-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கேபிளின் நீளம் மட்டும் சுமார் 3,200 கிலோமீட்டர். வெற்றிடத்தில் வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, கண்ணாடிக்குள் இரண்டு லட்சம்தான் ஓடும். ஆக சாந்தோமில் கிளம்பிய 'நமஸ்காரம்' சிங்கப்பூருக்குப் போக 16 மில்லிவினாடி. பரவாயில்லை. நியூஜெர்சி மருமகளுக்கு? பறவை பறக்கும் நேர்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். போக 65, வர 65, ஆக 130 மில்லிவினாடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. வழியில் கருவிகள் உண்டு. குரலைச் சுருக்கி விரிக்க நேரம் வேண்டும். எல்லாம் சேர்ந்து சுலபமாக இருநூற்றைம்பதைத் தாண்டிவிடும். கால் வினாடிதானே?

பத்து மொழிகளில் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்த ஒரு குழு 2009-இல் தன் முடிவை வெளியிட்டது. ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவினாடி என்று அவர்கள் கண்டார்கள். மொழிக்கு மொழி கொஞ்சம் ஏறும் இறங்கும், அவ்வளவுதான். பத்தில் தமிழ் இல்லை. கேன்டீனில் பதிவு செய்திருந்தால் எதிர்மறை எண் கிடைத்திருக்கும் என்பது என் சந்தேகம். ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அதைவிட அதிக நேரம் ஆகும். அப்படியானால் எதிராளி முடிப்பதற்கு முன்பே நாம் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம் என்று அர்த்தம். இவ்வளவு நெருக்கமான தாளத்துக்குள் கால் வினாடி கூடினால் என்ன ஆகும்? "வருஷாவருஷம் வர்றியே, இந்த வருஷமும் வருவியோன்னோ?" என்று இங்கே கேட்கிறார் மாமியார். அங்கிருந்து "கண்டிப்பா வரேம்மா" என்ற பதில் உடனேதான் கிளம்புகிறது. இங்கே வந்து சேரும்போது அது தயக்கமாக மாறியிருக்கிறது. தப்பு மருமகளுடையது அல்ல, கண்ணாடி இழையுடையது.

தாளம் என்று சொல்லும்போதே மிருதங்கம் ஞாபகம் வருகிறது. இணையம் வழியே இரண்டு ஊரில் இருந்துகொண்டு சேர்ந்து வாசிப்பதைச் சோதித்தவர்கள், ஒருவழித் தாமதம் 25, 30 மில்லிவினாடியைத் தாண்டினால் காலப்பிரமாணம் தளர ஆரம்பிப்பதாகச் சொல்கிறார்கள். ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க, அவர் இவருக்காகக் காத்திருக்க, பாட்டு மெல்ல மெல்லச் சவுக்கமாகிவிடும். தனி ஆவர்த்தனத்தில் வினாடிக்குப் பத்துச் சொல் விழும் இடத்தில் சொல்லுக்குச் சொல் 100 மில்லிவினாடிதான். அதில் 65 போய்விட்டால் கோர்வை எங்கே உட்காரும்? ஊரடங்குக் காலத்திலும் பாடகரும் பக்கவாத்தியமும் முகக்கவசத்தோடு ஒரே மேடைக்கு வந்து சேர்ந்துதான் பதிவு செய்ய வேண்டியிருந்தது. ரசிகர்களை உலகமெங்கும் சிதறவிடலாம். வாசிப்பவர்களைச் சிதறவிட முடியாது.

கண், காது, நேரம் முடிந்தது. மிச்சம் தொடுதல்.

மயிலாப்பூரில் அவதரித்தவர் பேயாழ்வார். அவர் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தின் கதை நமக்குத் தெரியும். திருக்கோவலூரில் ஒரு மழை இரவு. பொய்கையாழ்வார் ஓர் இடைகழியில் ஒதுங்குகிறார், ஒருவர் படுக்கலாம். பூதத்தாழ்வார் வருகிறார், இருவர் இருக்கலாம். பேயாழ்வார் வருகிறார்; மூவர் நிற்கலாம். இருட்டில் நிற்கும்போது நாலாவதாக ஒருவர் நெருக்குவது தெரிகிறது. யார் என்று முகம் தெரியவில்லை, குரல் கேட்கவில்லை. நெருக்கம் மட்டும்தான் சாட்சி. வைணவ மரபு தன் முதல் ஆழ்வார்களின் பெருமாள் தரிசனத்தைத் தொடு உணர்விலிருந்து தொடங்கியது எனக்கு எப்போதும் வியப்பு. டன்பாரின் நாலு பேர் கணக்கும் அங்கே சரியாக இருக்கிறது என்பதை உபரியாகச் சொல்லி வைக்கிறேன்.

அந்த நெருக்கத்தைக் கருவியால் உண்டாக்க முடியுமா என்று அடையாற்றுப் பக்கம் ஐ.ஐ.டி. வளாகத்தின் மரங்களுக்கு நடுவே நிஜமாகவே ஆராய்கிறார்கள். பேராசிரியர் மணிவண்ணனின் 'டச் லேப்' தொடு உணர்வின் அறிவியலுக்கென்றே இயங்குகிறது. மெய்நிகர் தொழில்நுட்பங்களுக்காக 'எக்ஸ்டிக்' என்ற மையமும், நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்ட 'கேவ்' என்ற கூட்டமைப்பும் அங்கே உண்டு. அங்கே உருவான 'ஐடேட்' என்ற தொடுதிரையில் புடவையின் படத்தைத் தடவினால் இழையின் சொரசொரப்பு விரலுக்குத் தெரிய வேண்டும் என்பது நோக்கம். திரை வழவழப்பான கண்ணாடிதான். அசையும் பாகம் ஒன்றும் இல்லை. விரல் எங்கே ஓடுகிறது என்று உணர்ந்து, அந்த இடத்தில் மின்புலத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். மின்விசை விரலின் தோலைக் கண்ணாடியோடு லேசாகப் பிடித்து இழுக்கிறது, உராய்வு ஏறுகிறது. விட்டுவிட்டு இழுத்தால் மூளை அதை மேடுபள்ளம் என்று படித்துக்கொள்கிறது. தி.நகர் ஜவுளிக்கடையில் புடவையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கும் பெண்களுக்கு இது எப்போது திருப்தி தருகிறதோ, அன்றுதான் தேர்வில் தேறியது என்று ஒப்புக்கொள்வேன்.

தொடுதல் ஏன் இவ்வளவு கஷ்டம்? கண்ணுக்கு வினாடிக்கு 24 படம் ஓடினாலே சினிமா ஆகிவிடுகிறது. ஹெட்செட்டுக்கு 90 வேண்டும். விரல் நுனியோ வினாடிக்கு இருநூற்றைம்பது அதிர்வை ஒட்டித்தான் மிகக் கூர்மையாக இருக்கிறது. மெய்நிகர் சுவர் ஒன்றைத் தொட்டு அது கெட்டியாக இருக்கிறது என்று கை நம்ப வேண்டுமானால், கருவி வினாடிக்கு ஆயிரம் முறை விசையைக் கணக்கிட்டுத் திருப்பித் தள்ள வேண்டும் என்பது இத்துறையின் பொது விதி. குறைந்தால் சுவர் ஜவ்வரிசி வடகம் காய்வதற்கு முந்தைய நிலைக்கு வந்துவிடும். இன்னொன்று: பார்வைக்கு வாசல் இரண்டு, கேள்விக்கு இரண்டு. தொடுதலுக்கு உடம்பு முழுக்க வாசல். ஏ.ஆர். ரஹ்மான் இயக்கிய 'லே மஸ்க்' என்ற மெய்நிகர்ப் படம் 2022-இல் கான் விழாவில் காட்டப்பட்டபோது, பார்வையாளர்கள் அசையும் நாற்காலியில் உட்கார்ந்து, வாசனையையும் முகர்ந்தார்கள். அற்புதமான முயற்சி. ஆனால் அது ஒவ்வொருவராக ஹெட்செட்டுக்குள் போய்விடும் அனுபவம். பக்கத்து நாற்காலிக்காரர் அழுதாரா என்று நமக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்ததையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அது என் வாதத்துக்குக் குறுக்கே நிற்கிறது. 2022 பிப்ரவரி 6 அன்று சிவலிங்கபுரம் என்ற கிராமத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுத் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தவர். தாலி கட்டியது நிஜ உலகில். ஊரடங்கால் ஆட்களைக் கூட்ட முடியாததால் வரவேற்பு 'மெட்டாவெர்ஸ்' என்கிற மெய்நிகர் உலகத்தில், ஹாரி பாட்டர் கதையில் வரும் மாயப் பள்ளியைப்போன்ற கோட்டையில். 'டார்டிவெர்ஸ்' என்ற தமிழ்நாட்டுத் தொடக்க நிறுவனம் அதைக் கட்டிக் கொடுத்தது. உருவங்கள் விளையாட்டு பொம்மை மாதிரி. நான் சொன்ன திசை, தொடுதல் எல்லாம் அங்கே எந்த அளவுக்கு இருந்திருக்கும்? ஆனால் முந்தின வருஷம் இறந்துபோன மணப்பெண்ணின் அப்பாவை உருவமாக்கி அந்த மண்டபத்தில் நிறுத்தியிருந்தார்கள். அதைப் பார்த்த குடும்பத்துக்கு வினாடிக்கு எத்தனை படம் ஓடியது என்ற கணக்கு எதற்கு?

மெல் ஸ்லேட்டர் என்ற ஆராய்ச்சியாளர் இந்த முடிச்சைக் கொஞ்சம் அவிழ்க்கிறார். மெய்நிகர் உலகம் நமக்குள் உண்டாக்குவது ஒரு மயக்கம் அல்ல, இரண்டு என்று 2009-இல் எழுதினார். 'நான் அங்கே இருக்கிறேன்' என்பது ஒன்று, புலன்களைப் பொறுத்தது. 'இங்கே நடப்பது நிஜமாக நடக்கிறது' என்பது இன்னொன்று. நடப்பது நம் மனசுக்கு ஒப்புகிறதா என்பதைப் பொறுத்தது. கருவிகள் முதலாவதைத்தான் தரும். இரண்டாவதைத் தருவது மனிதர்கள். இறந்தவரின் பொம்மை உருவத்தில் முதலாவது கொஞ்சம்தான், இரண்டாவது நிறைய. எங்கள் வீட்டுக் கூடத்துக் கச்சேரியிலோ படமும் ஒலியும் குறையில்லை. பெரியப்பாவை 'என்ன சார், போன வருஷம் பார்த்ததுக்கு இளைச்சுட்டேளே' என்று கேட்க ஆள் இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஞானமும் இல்லை. 1990 மே மாதம், வையவிரிவலை பொதுமக்களுக்கு வருவதற்கு முன்பே, டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் 'சைபர்ஸ்பேஸ்' பற்றிய முதல் சர்வதேச மாநாடு கூடியது. அங்கே சிப் மார்னிங்ஸ்டார், ரண்டால் ஃபார்மர் என்ற இருவர் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள். லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்துக்காக 1986-இல் 'ஹேபிட்டாட்' என்ற உலகத்தை நடத்தியவர்கள். கமடோர் 64 கணினி, தொலைபேசி மோடம், கார்ட்டூன் படம், அவ்வளவுதான் சாமான். அதில் நடமாடும் மனித உருவத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'அவதார்'. இறங்கி வருதல் என்று பொருள்படும் சொல் மயிலாப்பூர்க் காலட்சேபங்களில் நூற்றாண்டுகளாகப் புழங்கியது. அமெரிக்கா போய் கம்ப்யூட்டருக்குள் இறங்கித் திரும்பி வந்திருக்கிறது.

அந்த உலகத்தில் ஓர் இயந்திரம் 75 காசுக்கு பொம்மை விற்றது. ஊரின் மறுகோடியில் அடகு இயந்திரம் அதே பொம்மையை 100 காசுக்கு வாங்கியது. சிலர் இதைக் கண்டுபிடித்து, ராத்திரி முழுக்க நடையாய் நடந்து, காலையில் லட்சாதிபதி ஆகிவிட்டார்கள். மாம்பலத்து மொத்த வியாபாரிகள் கேட்டால் பெருமைப்படுவார்கள். நடத்தியவர்கள் திட்டம் போட்டு வைத்த விளையாட்டுகளை ஜனங்கள் சட்டை செய்யவில்லை; தாங்களாகத் தேர்தல் வைத்தார்கள், கல்யாணம் செய்தார்கள், திருடினார்கள், கூடிப் பேசினார்கள். ஹெட்செட்டும் கையுறையும் முக்கியமில்லை, உள்ளே வருபவர்கள் ஒருவரோடொருவர் என்ன செய்துகொள்கிறார்கள் என்பதுதான் அந்த உலகத்தைத் தீர்மானிக்கிறது என்று இருவரும் ஆஸ்டினில் சொல்லிவிட்டுப் போனார்கள். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டபோது யாராவது அந்தக் கட்டுரையைத் தூசி தட்டியிருக்கலாம்.

அட்லாண்டா மாநாட்டுக்கு இடம் கொடுத்த ஹப்ஸை மொசில்லா 2024 மே மாத இறுதியில் மூடிவிட்டது. ஆனால் அதன் நிரல் திறந்த மூலம். வேண்டியவர் தம் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். ஏதாவது ஒரு சபாவின் செயலாளர் கேட்டால் சொல்ல என்னிடம் வரைபடம் தயாராக இருக்கிறது. மேடையை விட்டுவிடுங்கள், அதற்கு யூடியூப் போதும். அறைக்கு இருபத்தைந்து பேர் வைத்துக் கேன்டீனை மட்டும் கட்டுங்கள். நாலு பேர் மேஜைகள். குரல் தூரத்தில் தேய வேண்டும், ஆனால் முழுக்கச் சாகக் கூடாது. பக்கத்து மேஜைப் பேச்சு அரைகுறையாகக் காதில் விழ வேண்டும். முக்கியமாக, வரிசை வையுங்கள். கணினிக்குள் வரிசை தேவையே இல்லை, கிளிக்கினால் காபி வந்துவிடும் என்று பொறியாளர் சொல்வார். கேட்காதீர்கள். முன்பின் தெரியாத இருவரைப் பத்து நிமிஷம் பக்கத்தில் நிறுத்திவைக்க மனித குலம் கண்டுபிடித்த ஒரே இயந்திரம் வரிசைதான்.

2022 டிசம்பரில் அரங்கங்கள் மறுபடி நிறைந்தபோது பெரியப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். பிரதான ராகம் முடிந்து மிருதங்கம் எழும்பியதும் எழுந்தார். இந்த முறை போக இடம் இருந்தது. கேன்டீன் வரிசையில் எங்களுக்கு இடப்பக்கம் பின்னால் இரண்டு பேர், பாடியதில் நிஷாதம் கொஞ்சம் ஏறியதா இல்லையா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா திரும்பிப் பார்க்காமலே "ஏறல. ஸ்ருதிப்பெட்டிதான் இறங்கியிருந்தது" என்றார். பேச்சு ஒரு கணம் நின்றது. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தோளைத் தட்டியது.

"சரியாச் சொன்னேள். இந்தாங்கோ, உங்க டோக்கன் கீழே விழுந்துடுத்து."